மருதாணிக் கோனில் தைலம் எதற்கு?

மருதாணிக் கோனின் நுனியை வெட்டிப் பிதுக்கியதும் மூக்கில் ஏறுகிற அந்தத் தைல வாசனை மருதாணியுடையது கிடையாது. வீட்டில் இலையைப் பறித்து அரைத்துப் பாருங்கள், பச்சிலை நெடிதான் வரும். தைல வாசனை, கலக்கியவர் ஊற்றியதால் வந்தது. மதுரையில் கல்யாணப் பெண்ணுக்கு மெகந்தி போட வருகிறவர்களிடம் ஏன் ஊற்றுகிறீர்கள் என்று கேட்டால், "நல்லாச் செவக்கும்" என்பார்கள். எதை ஊற்றினால் சிவக்கும், எதை ஊற்றினால் தோல் எரியும் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். ஒருவர் நீலகிரித் தைலம் என்பார், ஒருவர் கிராம்புத் தைலம் என்பார், இன்னொருவர் ஆன்லைனில் டீ ட்ரீ ஆயில் வாங்கி வைத்திருப்பார். மூன்றுமே எசென்ஷியல் ஆயில்தான், அதாவது செடியிலிருந்து எடுக்கும் வாசனைத் தைலம். ஆனால் பாட்டிலுக்குள் இருக்கும் சரக்கு மூன்றிலும் வேறு. அந்தச் சரக்கு என்ன என்று தெரிந்துவிட்டால் எதை எடுக்கலாம், எதைத் தொடக்கூடாது என்று யாரையும் கேட்காமல் முடிவு பண்ணலாம். பத்தாம் வகுப்பு வேதியியல் ஞாபகம் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

முதலில் சாயத்தைப் பார்த்துவிடுவோம். மருதாணியின் தாவரவியல் பெயர் லாசோனியா இனெர்மிஸ். அதன் இலையில் நிறம் தரும் பொருளுக்கு லாசோன் என்று பெயர். ஆனால் செடியில் இருக்கும் இலைக்குள் லாசோன் தயார் நிலையில் இருப்பதில்லை. சர்க்கரையோடு பிணைந்த வேறொரு வடிவத்தில் இருக்கிறது. இலை நசுங்கி ஈரம் பட்டதும் அந்தச் சர்க்கரைப் பிணைப்பு அறுகிறது. மிச்சமிருக்கும் பகுதி காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து லாசோனாக மாறுகிறது. அதனால்தான் பொடியைக் குழைத்த கையோடு போட்டால் நிறம் பிடிப்பதில்லை, சில மணி நேரம் ஊறவிட வேண்டியிருக்கிறது. ராத்திரி குழைத்து மூடிவைத்த கிண்ணத்தைக் காலையில் திறந்து பார்த்தால் மேற்பரப்பு பழுப்பாக இருக்கும். கரண்டியால் கிண்டினால் உள்ளே இன்னும் பச்சை. காற்று பட்ட இடத்தில் வேலை முந்தி நடந்திருக்கிறது, அவ்வளவுதான். கெட்டுப்போய்விட்டது என்று அந்தப் பழுப்பை வழித்துக் கொட்ட வேண்டாம்.

எலுமிச்சைச் சாறு சேர்ப்பதும் இந்த இடத்தில்தான். புளிப்பு இந்த ஆக்சிஜனேற்றத்தைக் கொஞ்சம் மெதுவாக்குகிறது. சாயம் அவசரப்பட்டு உருவாகி அவசரப்பட்டுத் தீர்ந்துவிடாமல் நிதானமாக வருகிறது. அந்தக் காலத்தில் அம்மியில் இலையோடு புளியும் கொட்டைப்பாக்கும் வைத்து அரைத்தார்களே, அந்தப் புளிக்கும் இதே வேலைதான். வெக்கை இதற்கு நேர் எதிர். பொதுவாக வெப்பம் பத்து டிகிரி ஏறினால் இந்த மாதிரி வினைகள் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாகும். மார்கழியில் விடிய விடிய ஊற வேண்டிய கலவை, சித்திரையில் மத்தியானம் குழைத்தால் பொழுது சாயும்போதே தயாராகிவிடும். உள்ளங்கையில் ஒரு பொட்டு வைத்து ஐந்து நிமிடம் கழித்துத் துடையுங்கள். ஆரஞ்சு நிறம் விழுந்திருந்தால் கலவை ரெடி.

லாசோன் தோலில் எப்படி ஒட்டுகிறது? நம் தோலின் மேலடுக்கு முழுக்க இறந்த செல்கள். அவற்றை நிரப்பியிருப்பது கெரட்டின் என்ற புரதம். நகத்திலும் முடியிலும் இருப்பதும் அதுதான். லாசோன் போய் கெரட்டினிலுள்ள நைட்ரஜன் பகுதியோடு பிணைந்துகொள்கிறது. மேலே பூசிய பெயிண்டாக இருந்தால் கழுவினால் போய்விடும். இது வேதிப்பிணைப்பு, அதனால் அந்தச் செல்லே உதிரும் வரை நிறம் போகாது. மேலடுக்குச் செல்கள் உதிர்ந்து புதியவை வர ஒன்றிரண்டு வாரம் ஆவதால்தான் மருதாணியும் அத்தனை நாள் நிற்கிறது. உள்ளங்கையிலும் பாதத்திலும் இந்த அடுக்கு தடிமன். அதனால் அங்கே அடர்த்தியாகப் பிடிக்கிறது, முழங்கையை நெருங்க நெருங்க வெளுக்கிறது. போட்டவர் மேல் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை.

இங்கே லாசோனுக்கு இரண்டு சங்கடம். ஒன்று, அது தண்ணீரில் லேசில் கரையாது. ஆல்கஹால் வகைக் கரைப்பான்களில் இன்னும் நன்றாகக் கரையும். இரண்டு, தோலின் மேலடுக்கில் செல்லுக்கும் செல்லுக்கும் இடையே கொழுப்பு நிறைந்திருக்கிறது. உடம்பிலுள்ள ஈரம் வெளியே போகாமலும் வெளியிலுள்ளது உள்ளே வராமலும் காப்பது அந்தக் கொழுப்புதான். தண்ணீரில் மிதந்து வரும் சாயத்துக்கு அதைத் தாண்டுவது சிரமம். தண்ணீரோடும் ஓரளவு ஒட்டி, கொழுப்போடும் ஓரளவு ஒட்டும் ஒரு சின்ன மூலக்கூறு துணைக்கு வந்தால் இரண்டு சங்கடமும் தீரும். அந்தத் துணைதான் தைலத்துக்குள் இருக்கிறது.

எசென்ஷியல் ஆயில் என்றதும் நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் கூட்டத்தில் அதைச் சேர்த்துவிடாதீர்கள். எண்ணெய் என்ற பெயர் மட்டும்தான் பொது. தேங்காய் எண்ணெயின் மூலக்கூறு கனமானது, அதன் நிறை ஏறக்குறைய 640. மருதாணிக்கு உதவும் தைல மூலக்கூறுகளின் நிறை 154. நாலில் ஒரு பங்கு. கனமானது தோலின் மேலேயே தங்கி வழியை அடைக்கிறது. அதனால்தான் மெகந்தி போட உட்காரும் முன் கையில் எண்ணெயோ லோஷனோ இருக்கக் கூடாது என்கிறார்கள். மருதாணியை உதிர்த்த பிறகு தேங்காய் எண்ணெய் தடவச் சொல்வதும் அதே குணத்தை வைத்துத்தான், அப்போது அது தண்ணீர் படாமல் காக்கிறது. சின்ன மூலக்கூறுகள் லேசானவை, காற்றில் எழும்பி மூக்குக்கு வருகின்றன. வாசனையே அப்படி வருவதுதான்.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய், பக்கத்தில் ஒரு சொட்டு நீலகிரித் தைலம். இரண்டுமே முதலில் தாளை ஊடுருவித் தெரியும்படி ஆக்கும். மறுநாள் பாருங்கள். எண்ணெய்ச் சொட்டு அப்படியே கறையாக நிற்கும். தைலச் சொட்டு பறந்துபோயிருக்கும், அது இருந்த இடமே தெரியாது. தைலத்தில் சமையல் எண்ணெய் கலந்து விற்றிருந்தால் அங்கேயும் கறை நிற்கும். புதிதாக ஒரு கடையில் தைலம் வாங்கினால் இதைச் செய்து பார்க்கலாம். வெட்டிவேர், சந்தனம் போன்ற கெட்டியான தைலங்கள் மட்டும் இந்தச் சோதனைக்கு ஒத்துவராது, அவை அவ்வளவு சுலபத்தில் ஆவியாகாதவை.

சரி, அந்தச் சின்ன மூலக்கூறு என்ன? செடிகள் ஐசோபிரீன் என்ற ஐந்து கார்பன் துண்டை அடிப்படையாக வைத்து வாசனைப் பொருள்களைக் கட்டுகின்றன. இரண்டு துண்டு சேர்ந்தால் பத்து கார்பன். இந்தக் குடும்பத்துக்கு மோனோடெர்பீன் என்று பெயர். மருதாணி உலகில் பேசப்படும் நான்கு பெயர்களைப் பாருங்கள்: டீ ட்ரீ ஆயிலில் முக்கியமான டெர்பினன்-4-ஆல், காஜுபுட் ஆயிலில் வரும் டெர்பினியோல், லாவெண்டரில் வரும் லினலூல், நீலகிரித் தைலத்தில் வரும் சினியோல். நான்கிலும் பத்து கார்பன், பதினெட்டு ஹைட்ரஜன், ஒரு ஆக்சிஜன். ஒரு அணு கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. ஆனால் முகர்ந்தால் நான்கும் நான்கு வாசனை, தோலில் பட்டால் நான்கும் நான்கு குணம். வாசலில் வைக்கிற புள்ளி அதேதான், கோட்டை எப்படி இழுக்கிறோம் என்பதில் கோலம் மாறிவிடுகிறது. வேதியியலில் இதை மாற்றியம் என்பார்கள். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஆச்சரியம் குறைவதில்லை.

நான்கில் முதல் மூன்றிலும் ஆக்சிஜன் ஒரு ஹைட்ரஜனைப் பிடித்துக்கொண்டு ஓரமாகத் தொங்குகிறது. இப்படி இருந்தால் அது ஆல்கஹால் வகை. குடிக்கிற சாராயத்தின் எத்தனாலும் இதே வகைதான் என்றாலும் பத்து கார்பன் உடைய இவை எண்ணெய்த் தன்மை கூடியவை. அந்த ஓரத்து ஆக்சிஜன்-ஹைட்ரஜன் பகுதி தண்ணீரோடு ஒட்டிக்கொள்கிறது. மீதி பத்து கார்பன் உடம்பு கொழுப்போடு ஒட்டுகிறது. லாசோனுக்கு வேண்டிய துணை இதுவேதான். குழைத்த கலவைக்குள் சாயம் கரைய உதவுகிறது, தோலில் பட்டதும் செல்களுக்கு இடையேயுள்ள கொழுப்பின் இறுக்கத்தைக் கொஞ்சம் தளர்த்திச் சாயத்துக்கு வழி விடுகிறது. அதே சமயம் தோலைப் பெரும்பாலும் எரிச்சல்படுத்துவதில்லை. மருதாணிக்கு என்று தேடினால் மோனோடெர்பீன் ஆல்கஹால் நிறைய உள்ள தைலமாகப் பார்த்து எடுக்க வேண்டும் என்பது என் முடிவு. மற்ற எல்லாமே இதற்கு அடுத்தபடிதான்.

சினியோலில் கதை கொஞ்சம் வேறு. அதன் ஆக்சிஜன் ஓரத்தில் தொங்காமல் வளையத்துக்குள்ளேயே இரண்டு கார்பன்களுக்கு நடுவே பாலமாக மாட்டிக்கொண்டிருக்கிறது. அதனால் ஆல்கஹால் கிடையாது, ஈதர் வகை. தோல் வழியாக மருந்து செலுத்தும் ஆராய்ச்சிகளில் சினியோலும் டெர்பினியோலும் ஊடுருவலைக் கூட்டும் பொருள்களாக நெடுநாளாகப் பேசப்படுகின்றன. ஆகவே நீலகிரித் தைலம் போட்டால் சிவக்கும் என்று நம் வீடுகளில் சொன்னது வெறும் பேச்சு இல்லை. ஊட்டிப் பக்கம் யூகலிப்டஸ் இலையை வடித்து எடுக்கும் தைலத்தில் பெரும்பகுதி சினியோல்தான். விலை மலிவு, பஸ் ஏறி ஊட்டி போய் வருகிற எல்லோர் பையிலும் ஒரு பாட்டில் இருக்கும். பெரியவர்களின் கைக்கு இதைப் பயன்படுத்தலாம். நெடி கடுமை என்பதால் ஆஸ்துமா உள்ளவர்கள் பக்கத்தில் வேண்டாம். சின்னப் பிள்ளைகளுக்கு ஏன் வேண்டாம் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

டீ ட்ரீ ஆயில் ஆஸ்திரேலியாவில் விளையும் மெலலூக்கா மரத்தின் இலையிலிருந்து வருவது. தரமான எண்ணெயில் டெர்பினன்-4-ஆல் 30 சதவீதத்துக்கு மேல், பெரும்பாலும் 40ஐ ஒட்டி இருக்கும். நிறத்துக்கு நம்பகமானது, வாசனைதான் கொஞ்சம் மருந்துக்கடை. காஜுபுட்டும் மெலலூக்கா குடும்பம்தான். பாதியளவு சினியோல், கூடவே டெர்பினியோல், அடர் நிறம் தரும். லாவெண்டரில் லினலூலும் அதன் எஸ்டரும் (ஆல்கஹாலோடு ஒரு அமிலம் சேர்ந்த வடிவம்) சேர்ந்து பெரும்பகுதி. தோலுக்கு இதமானது, வாசனை பெண் வீட்டார் எல்லோருக்கும் பிடிக்கும், விலை கூடுதல். எதை வாங்குவது என்று குழம்பினால் லாவெண்டரில் ஆரம்பியுங்கள்.

போடிநாயக்கனூர் பக்கத்துக்காரர்களுக்கு ஏலக்காய்த் தைலம் நினைவுக்கு வரும். அதில் டெர்பினியோலின் எஸ்டரும் சினியோலும் நிறைய. மருதாணிக்கு ஒத்துப்போகும் தைலம்தான். ஆனால் ஏலக்காய் விற்கிற விலைக்கு அதைக் கோனில் ஊற்ற மனசு வராது.

மறுபக்கம், ஒதுக்க வேண்டியவை. ஆரஞ்சு, எலுமிச்சைத் தோலிலிருந்து எடுக்கும் எண்ணெய்களில் லிமோனீன், டர்பன்டைனில் பைனீன். இரண்டிலும் பத்து கார்பன், பதினாறு ஹைட்ரஜன். ஆக்சிஜனே இல்லை, அதனால் தண்ணீர்ப் பக்கம் பிடிப்பும் இல்லை. சாயத்துக்கு உதவி குறைவு, பழசானால் தோலைச் சீண்டும். எலுமிச்சைத் தோலைப் பிழிந்து எடுத்த எண்ணெய் கையில் இருக்கும்போது வெயிலில் போனால் தோல் கருத்துப் பொத்துப்போகவும் கூடும். மதுரை வெயிலில் இது விளையாட்டுக் காரியமில்லை. எலுமிச்சைச் சாறு வேறு, எலுமிச்சை எண்ணெய் வேறு என்பதை மனதில் வையுங்கள். பெயிண்ட் கடை டர்பன்டைன், மண்ணெண்ணெய், பெட்ரோல் ஆகியவற்றைக் கோனில் ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் கை நீட்டாதீர்கள்.

கிராம்புக்கு வருவோம், ஏனென்றால் நம் ஊரில் அதிகம் கேட்கிற கேள்வி இதுதான். மேலூர்ப் பக்கம் ஒரு கல்யாண வீட்டில், கலவை குழைக்கும்போது பெண்ணின் பெரியம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஏத்தா, கிராம்புத் தைலம் ரெண்டு மூடி ஊத்துனா கறுகறுன்னு பிடிக்குமாம்ல? ஊத்து, நான் வாங்கியாந்துருக்கேன்."

"பெரியம்மா, அது பல்லு வலிக்குப் பஞ்சுல தொட்டு வைக்கிறது. அப்பயே ஈறு எரியும்ல? ரெண்டு மூடிய கை முழுக்கப் பூசி ராத்திரி பூரா வச்சா புள்ள கை என்னத்துக்கு ஆகும்?"

பெரியம்மா யோசித்துவிட்டு பாட்டிலை இடுப்பில் செருகிக்கொண்டார்.

கிராம்புத் தைலத்தில் பத்தில் ஏழெட்டுப் பங்கு யூஜினால் என்ற பொருள். அதிலும் ஆக்சிஜன்-ஹைட்ரஜன் பகுதி உண்டு. ஆனால் அது பென்சீன் என்ற ஆறு கார்பன் வளையத்தின் மேல் நேராக ஒட்டியிருக்கிறது. அப்படி ஒட்டினால் அது பீனால் வகை, ஆல்கஹாலைவிடத் தோலை அதிகம் எரிக்கும். ஓமத் தைலத்திலுள்ள தைமாலும் பீனால்தான். நிறம் பிடிக்கவில்லையா என்றால் பிடிக்கும். அதோடு தோல் சிவந்து எரிகிற வாய்ப்பும் சேர்ந்து வருகிறது. அந்தச் சிவப்பைச் சாயம் என்று நினைத்துச் சந்தோஷப்படுகிறவர்களும் உண்டு.

இதில் அளவுக் கணக்கு முக்கியம், நிதானமாகப் பார்ப்போம். கையில் போடும் கலவைக்கு 100 கிராம் பொடிக்கு 25 முதல் 30 மில்லி வரை தைலம் ஊற்றுவது மெகந்தி போடுகிறவர்களின் பொதுவான வழக்கம். ஒரு மில்லிக்கு ஏறக்குறைய 20 சொட்டு. அப்படியானால் 30 மில்லி என்பது 600 சொட்டு. நாலு சொட்டு விட்டுவிட்டு "தைலம் போட்டும் செவக்கலையே" என்றால், அந்த நாலு சொட்டு வாசனைக்குத்தான் பத்தும். 100 கிராம் பொடி, 30 மில்லி தைலம், 25 கிராம் சர்க்கரை, குழைக்க ஏறக்குறைய 270 மில்லி தண்ணீரோ சாறோ என்று வைத்துக்கொண்டால் மொத்தத்தில் தைலம் 7 சதவீதம். தோலில் தடவும் சாதாரண மசாஜ் எண்ணெயில் எசென்ஷியல் ஆயில் பெரும்பாலும் 1 முதல் 3 சதவீதம்தான் இருக்கும். அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேற்பட்டதை, நாலு மணி நேரமோ இரவு முழுதுமோ, தோலில் ஒட்டவைத்துக்கொண்டு உட்காருகிறோம். லாவெண்டரும் டீ ட்ரீயும் அந்த அளவைப் பெரும்பாலும் தாங்கும். அதே அளவில் கிராம்பு என்றால் கலவையில் 5 சதவீதத்துக்கு மேல் யூஜினால் வந்துவிடும். தோலுக்கு அது மிக அதிகம். ஒரு தைலம் நல்லதா கெட்டதா என்று பொதுவாகக் கேட்பதில் அர்த்தமில்லை, 7 சதவீதத்தில் தாங்குமா என்று கேளுங்கள்.

தோசைக்கல்லில் நாலைந்து கிராம்பைப் போட்டுச் சூடாக்கி அந்த ஆவியில் கையைக் காட்டுவார்களே, அது பரவாயில்லை. அங்கே தோலில் படும் யூஜினால் மிகக் கொஞ்சம். நடக்கிற வேலையில் பெரும்பகுதி சூட்டினுடையது. கை சுடாத தூரத்தில் வைத்தால் போதும்.

கிராம்பைவிட நான் பயப்படுவது பட்டைத் தைலத்துக்கு. அதிலுள்ள சினமால்டிஹைடு, எலுமிச்சைப்புல் தைலத்திலுள்ள சிட்ரால், இரண்டும் ஆல்டிஹைடு வகை. ஆல்டிஹைடுகள் புரதத்திலுள்ள அதே நைட்ரஜன் பகுதியைத் தேடிப் போய்ப் பிணைகின்றன. லாசோன் உட்காருவதற்காகப் போகிற அதே இடம்! லாசோன் பெரும்பாலும் இறந்த செல்களோடு நின்றுகொள்கிறது. ஆல்டிஹைடு இன்னும் கீழே உயிருள்ள அடுக்கு வரை இறங்கிப் புரதத்தின் உருவத்தை மாற்றினால், உடம்பின் எதிர்ப்புச் சக்தி அதை அந்நியம் என்று குறித்து வைத்துக்கொள்ளும். ஒருமுறை குறித்துவிட்டால் அடுத்த முறை கொஞ்சம் பட்டாலும் அரிப்பும் தடிப்பும்தான். பட்டைத் தைலம் கையில் படவே வேண்டாம். ஊட்டிக் கடைகளில் யூகலிப்டஸுக்குப் பக்கத்திலேயே அடுக்கியிருக்கும் விண்டர்கிரீன் ஆயிலும் வேண்டாம். அது மூட்டு வலிக்குத் தடவும் மீதைல் சாலிசிலேட்.

மதுரைக்காரர்கள் கேட்காமல் விடாத இன்னொரு கேள்வி, மல்லிகை எண்ணெய். ஊரே மல்லிக்குப் பேர்போனது, 2013ல் மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. மல்லியின் வாசனையில் லினலூலும் இருக்கிறது, அதனால் கேள்வி நியாயமானதுதான். ஆனால் மற்ற தைலங்களைப்போல நீராவியில் வடித்தால் மல்லிப்பூ தாங்காது, வாசனை கெட்டுவிடும். ஹெக்சேன் போன்ற கரைப்பானில் ஊறவைத்து மெழுகுபோல எடுத்து, அதை மறுபடி ஆல்கஹாலில் சுத்தப்படுத்தித்தான் எண்ணெய் வரும். மூட்டை மூட்டையாகப் பூ போனால் கொஞ்சமே கொஞ்சம் கிடைக்கும். கடையில் மலிவு விலையில் 'மல்லிகை ஆயில்' என்று வைத்திருப்பது பெரும்பாலும் செயற்கை வாசனைக் கலவை. ஊதுவத்திக்கு உதவும், தோலுக்கு வேண்டாம். கோனில் லாவெண்டர், தலையில் மல்லி. அது போதும்.

இப்போது பிள்ளைகள் விஷயம். கைக்குழந்தைக்கு மருதாணியே வேண்டாம். லாசோனுக்கு ரத்தச் சிவப்பணுக்களைப் பாதிக்கும் குணம் உண்டு, ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு ரத்தச் சிவப்பணு சிதைந்து ஆபத்தாகியிருக்கிறது. குறைபாடு இருப்பது பல வீடுகளில் தெரியாமலே இருக்கும். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளுக்கு இலையை அரைத்து விரலுக்குத் தொப்பியும் உள்ளங்கையில் வட்டமும் வையுங்கள், தைலம் தேவையில்லை. பிள்ளைகள் கையை வாயில் வைக்கும். சினியோலும் கற்பூரமும் வயிற்றுக்குள் போனால் சின்ன உடம்பில் வலிப்பு வரை கொண்டுவிடும். நீலகிரித் தைல பாட்டிலை அலமாரியின் மேல்தட்டில் வைக்கச் சொல்வது இதனால்தான். கர்ப்பிணிகளுக்கு வளைகாப்பில் போடுவதாக இருந்தால் எலுமிச்சையும் சர்க்கரையும் மட்டும் சேர்த்த கலவை நல்லது. நிறம் அரைப் படி குறைந்தாலும் ஒன்றும் குடிமுழுகிவிடாது.

பெட்டிக்கடையில் மாதக்கணக்காகத் தொங்கும் கோன்களைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். குழைத்த மருதாணியில் லாசோன் உருவாகிக்கொண்டே போய் ஒரு கட்டத்துக்குப் பின் வலுவிழந்துவிடும். நம் ஊர் வெக்கையில் வெளியே வைத்தால் ஓரிரண்டு நாள்தான். ஃப்ரீசரில் வைத்தால் மாதக்கணக்கில் நிற்கும். மே மாத வெயிலில் கயிற்றில் தொங்கிய கோன் பதினைந்து நிமிடத்தில் அடர் நிறம் தருகிறது என்றால் அந்த நிறம் இலையிலிருந்து வரவில்லை. கன்னங்கரேலென்று வருகிற கறுப்பு மெகந்தியில் பாரா-பீனைலின்டையமின் என்ற முடிச்சாயப் பொருள் கலந்திருக்கும் வாய்ப்பு அதிகம். கொப்புளமும், பிற்பாடு முடிக்கு டை அடிக்கவே முடியாத ஒவ்வாமையும் அதனால் வருகின்றன. உண்மையான மருதாணி உதிர்த்தவுடன் ஆரஞ்சாகத்தான் இருக்கும். ஒன்றரை நாள், இரண்டு நாளில் ஆக்சிஜனேற்றம் மேலும் நடந்து அடர் சிவப்புப் பழுப்பாக மாறும். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் ராத்திரி போட்டுவிட்டு "வெளுத்துருச்சே" என்று கவலைப்படும் பெண்களுக்காகவே சொல்கிறேன், இரண்டு நாள் முந்தியே போட்டுக்கொள்ளுங்கள்.

கலக்குகிற பாத்திரம் கண்ணாடியோ எவர்சில்வரோ இருக்கட்டும். தெர்மாகோல் கப்பில் ஊற்றினால் டெர்பீன்கள் கப்பின் பாலிஸ்டைரீனையே கரைத்து ஓட்டை போட்டுவிடும். தைலத்தை அளந்து ஊற்றிய பின் டிராப்பர் மூடியோடு பாட்டிலை மூடி வைக்காதீர்கள், அந்த ரப்பர் ஊதிப்போய்ப் பிசுபிசுக்கும். பாட்டில் கருப்போ பழுப்போ நிறக் கண்ணாடியாக இருக்க வேண்டும், திறந்த தேதியை மேலே எழுதி ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். ஏனென்றால் தைல மூலக்கூறுகளும் காற்றில் ஆக்சிஜனேற்றம் அடைகின்றன. லினலூலும் லிமோனீனும் காற்றுபட்டுக் கெட்டால் ஹைட்ரோபெராக்சைடு என்ற பொருள்கள் உருவாகும். புதுசில் சாதுவாக இருந்த தைலம் பழசானபின் ஒவ்வாமை தருவது அவற்றால்தான். டீ ட்ரீ ஆயிலும் இப்படித்தான் கெடும். போன வருஷக் கல்யாணத்துக்கு வாங்கி, பாதி தீர்ந்து, அடுப்படி ஜன்னலில் வெயில்பட்டுக்கொண்டிருந்த பாட்டில் என்றால் அதைத் தரை துடைக்கிற தண்ணீரில் விடுங்கள், கோனில் விடாதீர்கள்.

புதுப் பாட்டில் வாங்கும்போது லேபிளில் செடியின் தாவரவியல் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். டீ ட்ரீ என்றால் மெலலூக்கா ஆல்டர்னிஃபோலியா, லாவெண்டர் என்றால் லாவண்டுலா அங்கஸ்டிஃபோலியா. வெறும் 'ஃபிராகிரன்ஸ் ஆயில்' என்று போட்டிருந்தால் திருப்பி வைத்துவிடுங்கள். கீழமாசி வீதியில் அலைந்தாலும் ஆன்லைனில் வாங்கினாலும் இதே கணக்குதான். வாங்கி வந்ததும் மொத்தத்தையும் குழைத்துவிடாமல் ஒரு ஸ்பூன் பொடியில் அதே விகிதத்தில் கலந்து, முழங்கையின் உள்பக்கம் ஒரு ரூபாய் அகலத்துக்குப் பூசி, இரண்டு மணி நேரம் விட்டு, கழுவிவிட்டு இரண்டு நாள் பாருங்கள். அரிப்பு, தடிப்பு, எரிச்சல் ஒன்றும் இல்லையென்றால் பெண்ணின் கைக்குக் கலக்கலாம்.